அரியர் க்ளியர் பண்ணப் போன பையன்

திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஸ்கூல்ல படிக்கிறப்போ ஓசோன்ல ஓட்டைன்னு சொல்லி, சார்ட் பேப்பர்ல பூமிக்கு பிளாஸ்திரி எல்லாம் ஒட்டி வரைஞ்சோம். செப்டம்பர் 16 வந்தா பேச்சுப் போட்டி வேற. இப்ப அதைப் பத்தி யாரும் மூச்சே விடறதில்லையே... ஓட்டை அடைஞ்சிடுச்சா, இல்லை எல்லாருக்கும் போரடிச்சிடுச்சா?"

ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அரியர் பேப்பர் க்ளியர் பண்ண உட்கார்ந்த ஒரு பையனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் ஓசோன் என்றால் ஒரே ஒரு வசனம்தான். மே மாதம், நிரம்பி வழியும் பஸ், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே யாராவது ஒருத்தர் சொல்வார்: "ஓசோன்ல ஓட்டை விழுந்துடுச்சுல்ல... அதான் இப்படிக் கொளுத்துது." சாரி அண்ணே! அந்த ஓட்டை இருப்பது அண்டார்டிகாவுக்கு மேலே. அதுவும் வருடம் முழுக்க இல்லை. ஆகஸ்டில் தொடங்கும், செப்டம்பர் அக்டோபரில் பெரிதாகும், நவம்பர் டிசம்பரில் மூடிக்கொள்ளும். தவிர, ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிர்களைத்தான், வெக்கையை இல்லை. நம் கத்திரி வெயிலுக்கு வேறு யாரையாவது திட்டிக்கொள்ளலாம்.

இப்போது பையனிடம் வருவோம். பெயர் ஜோனதன் ஷாங்க்ளின். 1977-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் 'பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே'யில் வேலைக்குச் சேர்ந்தபோது வயசு இருபத்தி மூணு, இருபத்தி நாலு. ஆபீஸ் பெயரைக் கேட்டால் நமக்கெல்லாம் என்ன தோன்றும்? பனி, பென்குவின், தாடியில் உறைந்த ஐஸ்... அவருக்குக் கிடைத்தது ஒரு மேஜை. மேஜை மேல் தாள்கள், கட்டுக் கட்டாக. அண்டார்டிகாவின் ஹேலி பே நிலையத்தில் யார் யாரோ கையால் எழுதி, கப்பலில் வந்து சேர்ந்த ஓசோன் அளவுகள். பல வருடங்களாகச் சரிபார்க்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்தவை. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, கணக்குப் போட்டு ஒழுங்குபடுத்தணும். அவ்வளவுதான் வேலை. சுத்தமான அரியர்! நம்ம ஆள் யாராவது இந்த வேலையில் மாட்டியிருந்தால் ரெண்டாவது வாரமே வேறு இன்டர்வியூவுக்குக் கிளம்பியிருப்பார்.

அந்தத் தாள்களில் இருந்த எண்கள் ஒரு பழைய கருவியிலிருந்து வந்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கார்டன் டாப்ஸன் 1920-களில் உருவாக்கியது. நீளமான ஒரு பெட்டி, உள்ளே லென்ஸும் பட்டகமும். சூரிய ஒளியிலிருந்து ரெண்டு வகைப் புற ஊதாக் கதிர்களை எடுத்துக்கொள்ளும். ஒன்றை ஓசோன் நன்றாக விழுங்கும். இன்னொன்றை அவ்வளவாகத் தொடாது. ரெண்டும் தரைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒப்பிட்டால், வழியில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று தெரிந்துவிடும். ரங்கநாதன் தெரு வழியாக ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் நடந்து போகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தன் கடையைப் பார்த்தாலே பர்ஸைத் திறப்பவன். இன்னொருத்தன் கடைந்தெடுத்த கஞ்சன். தெருமுனையில் நின்று ரெண்டு பேர் பர்ஸையும் வாங்கிப் பார்த்தால், நடுவில் எத்தனை கடை என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடியாதா? அதே டெக்னிக்தான்.

(டாப்ஸன் இந்தக் கருவியை உலகத்தின் பல மூலைகளுக்கு அனுப்பி அளந்து பார்த்தார். 1920-களின் கடைசியில் அப்படி அவர் அனுப்பிய இடங்களில் நம்ம கொடைக்கானலும் ஒன்று! அடுத்த தடவை டூர் போனால் கோக்கர்ஸ் வாக், போட்டிங் என்று முடித்துக்கொள்ளாமல், மேலே சூரிய ஆய்வுக்கூடத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.)

அளவுக்கும் டாப்ஸன் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தொடங்கி அம்பது கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கிற ஓசோனை எல்லாம் வழித்தெடுத்து, தரைக்குக் கொண்டுவந்து அடுக்கினால் எவ்வளவு உயரம் நிற்கும்? 100 டாப்ஸன் யூனிட் என்றால் 1 மில்லிமீட்டர். உலக சராசரி சுமார் 300. அதாவது வெறும் 3 மில்லிமீட்டர். ரெண்டு ஒரு ரூபாய் காசை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வருகிற உயரம். பயிர், மீன், உங்கள் தோல், என் கண் எல்லாம் இந்த ரெண்டு காசை நம்பித்தான் இருக்கிறது. 220-க்குக் கீழே போனால் அந்த இடத்தை 'ஓசோன் ஓட்டை' என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நிஜமாக ஓட்டை எதுவும் இல்லை. வேட்டி நைந்து போவதுபோல ஒரு மெலிவு.

ஹேலி பேயில் 1956-ல் நிலையம் போட்டார்கள். மறுவருடம் தொடங்கவிருந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்கான ஏற்பாடு அது. அந்த 'ஆண்டு' 1958-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஓசோன் அளப்பது மட்டும் நிற்கவில்லை. இங்கிலாந்தில் இருந்துகொண்டு இந்த வேலையைக் கவனித்துக்கொண்டவர் ஜோ ஃபார்மன் என்ற பைப் புகைக்கும் மனிதர். வருஷா வருஷம் புது ஆட்கள் கப்பலில் போவார்கள். மாதக்கணக்கில் சூரியனே வராத இருட்டில் குளிர்காலத்தைத் தள்ளுவார்கள். வெளிச்சம் வந்ததும் பெட்டியைத் திறந்து அளப்பார்கள், எழுதுவார்கள். எண் என்னவோ கிட்டத்தட்ட அதேதான். 'இருபத்தஞ்சு வருஷமா ஒரே நம்பரை எழுதிட்டிருக்கீங்களே, எதுக்கு?' என்று பட்ஜெட் போடுகிற எந்த ஆபீஸருக்கும் கேட்கத் தோன்றும். எனக்கே தோன்றுகிறது.

1980-களின் ஆரம்பத்தில் ஆபீஸில் ஓப்பன் டே வந்தது. பொதுமக்கள் வந்து சுற்றிப் பார்க்கும் நாள். அப்போது ஸ்ப்ரே கேன்களும் கான்கார்ட் விமானமும் ஓசோனைக் காலி பண்ணிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. நம்மிடம்தான் இத்தனை வருட டேட்டா இருக்கிறதே, அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை என்று கிராஃப் போட்டுக் காட்டினால் ஜனங்களுக்கு நிம்மதியாக இருக்குமே என்று நினைத்தார் ஷாங்க்ளின். நன்றாகக் கவனியுங்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க அவர் உட்காரவில்லை. ஒன்றுமில்லை என்று காட்டத்தான் உட்கார்ந்தார்.

கிராஃப் வேறு மாதிரி வந்தது. தென்துருவத்து வசந்த காலத்தில், குறிப்பாக அக்டோபர் மாதத்தில், கோடு கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் ஹீரோ தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், மியூசிக் வரும். நிஜத்தில் ஃபார்மன் உடனே தலையாட்டவில்லை. ஒரு வருடம் இறங்கும், மறு வருடம் ஏறும், அதற்கெல்லாம் அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கருவியும் கிழட்டுக் கருவி, பல்லிளித்திருக்கலாம். அதனால் வேறொரு கருவியை ஹேலிக்கு அனுப்பினார்கள். அதுவும் அதையே சொன்னது. ஆயிரம் மைல் தள்ளி ஃபாரடே என்று இன்னொரு பிரிட்டிஷ் நிலையம் உண்டு. அந்தத் தாள்களைப் புரட்டினால் அங்கேயும் இறக்கம். பிரையன் கார்டினர் என்ற மூன்றாவது ஆள் கருவியின் தவறு, கணக்கின் தவறு என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை, வானத்தைத் தவிர. கட்டுரை 'நேச்சர்' பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்த தேதி 1984 டிசம்பர் 24. ஊர் கிறிஸ்துமஸ் கேக் வெட்டப் போய்விட்ட நேரம். 1985 மே 16 இதழில் வெளியானது. முன்பு 300 வாக்கில் நின்ற அக்டோபர் அளவு 1984-ல் 200-க்கும் கீழே.

உலகம் நம்பத் தயங்கியது. நியாயம்தான். மேலே நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978-லிருந்து பூமி முழுக்க ஓசோனை அளந்துகொண்டிருந்தது. அத்தனை கோடி ரூபாய் சமாசாரம் பார்க்காததை ஒரு பழைய பெட்டி பார்த்துவிட்டதா? 'நாசா கம்ப்யூட்டர் குறைந்த அளவுகளைத் தப்பு என்று குப்பையில் போட்டுவிட்டது' என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். சொல்லக் கேட்க சுவையான கதை, ஆனால் பாதிதான் நிஜம். 180-க்குக் கீழே வந்த எண்களைக் கம்ப்யூட்டர் தூக்கிப் போடவில்லை. 'சந்தேகம்' என்று குறி போட்டு வைத்தது. நாசா குழு அதைப் பார்க்கவும் செய்தது. தென்துருவத்திலேயே இருக்கும் அமெரிக்க நிலையத்தின் தரை அளவோடு ஒப்பிட்டார்கள். அது சமர்த்தாக 300 என்றது. அப்போ செயற்கைக்கோள்தான் உளறுகிறதோ என்று குழம்பினார்கள். உளறியது தரைக் கருவி என்று பிறகுதான் தெரிந்தது! 1985 ஆகஸ்டில் பிராக் நகரத்து மாநாட்டில் நாசா குழு தன் படத்தை வெளியிட்டது. அந்தக் குழுவில் முக்கியமானவர் பவன் பார்தியா. ஓட்டை எவ்வளவு அகலம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தப் படம்தான். ஹேலிக்காரர்கள் கீழிருந்து அண்ணாந்து ஒரு புள்ளியைத்தான் பார்த்தார்கள். செயற்கைக்கோள் காட்டியது ஒரு கண்டத்தை.

இன்னொருத்தரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஷிகெரு சூபாச்சி என்ற ஜப்பான்காரர். அண்டார்டிகாவில் ஜப்பானின் சியோவா நிலையத்தில் 1982-ல் இதே சரிவைப் பார்த்தார். 1984-ல் கிரீஸில் நடந்த ஓசோன் மாநாட்டில் அதைக் காட்டவும் செய்தார். கவனித்தவர்கள் சொற்பம். அவர் கையில் இருந்தது சுமார் ஒரு வருட அளவுகள். ஹேலிக்காரர்கள் கையில் இருந்தது இருபத்தேழு வருடம். ஒரே ஒரு செமஸ்டர் மார்க்கை வைத்துக்கொண்டு பையன் கெட்டுப்போய்விட்டான் என்று சொல்ல முடியாது, இல்லையா? எல்.கே.ஜி.யிலிருந்து மார்க் ஷீட் வேண்டும். ஓசோனுக்கு அந்த மார்க் ஷீட் இருந்தது, யாரோ சலிக்காமல் எழுதி வைத்ததால்.

சரி, ஓசோனைத் தின்றது யார்? ஃப்ளாஷ்பேக் போகலாம். பழைய ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு மாதிரி விஷ வாயுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கசிந்தால் ஆளையே முடித்துவிடும். 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற எஞ்சினீயர் இதற்கு மாற்று கண்டுபிடித்தார். சி.எஃப்.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் குளோரோ ஃப்ளோரோ கார்பன். எரியாது, நாறாது, விஷமில்லை, எதனோடும் சண்டைக்குப் போகாது. 1930-ல் ஒரு கூட்டத்தில் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். கைதட்டல். பெட்ரோலில் ஈயம் கலக்கும் ஐடியாவும் இதே மிட்ஜ்லியுடையதுதான் என்பது கூடுதல் தகவல். பாவம், கெட்டவர் இல்லை. கடைசியில் போலியோவில் படுத்து, படுக்கையிலிருந்து எழுந்திருக்கத் தானே கயிறும் கப்பியும் வைத்து ஒரு ஏற்பாடு செய்தார். 1944-ல் அந்தக் கயிற்றிலேயே சிக்கி இறந்துபோனார். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் எடிட்டர் 'ஓவர்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஃப்ரிட்ஜ், ஏ.சி., சென்ட் பாட்டில், ஷேவிங் க்ரீம், மெத்தை நுரை என்று சி.எஃப்.சி. எங்கும் நுழைந்தது. எதனோடும் சேராத வாயு கடைசியில் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. 1973-ல் கலிஃபோர்னியாவின் இர்வின் வளாகத்தில் பேராசிரியர் ஷெர்வுட் ரோலண்ட் அதைக் கேட்டார். கையில் எடுத்தவர் அப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்திருந்த மரியோ மோலினா. மெக்ஸிகோக்காரர், வயசு முப்பது. சில மாதங்களில் விடை கிடைத்தது. இந்த வாயு கீழே மழையில் கரையாது, மண்ணில் ஒட்டாது. அம்பது, நூறு வருஷம் காற்றில் உலாத்தும். மெல்ல ஓசோனுக்கு மேலே போகும். அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். வெளியே வருகிற ஒரு குளோரின் அணு ஓசோனை உடைக்கும், ஆனால் தான் மட்டும் தீராது. அடுத்த ஓசோனுக்குப் போகும். இப்படி ஒரே அணு ஓய்வதற்குள் சுமார் ஒரு லட்சம் ஓசோனைக் காலி பண்ணிவிடும்.

1974 ஜூனில் கட்டுரை வந்தது. ரசாயனக் கம்பெனிகள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தன. வெறும் தியரி, நிரூபணம் எங்கே என்றார்கள். அமெரிக்கா 1978-ல் ஸ்ப்ரே கேன்களில் மட்டும் தடை போட்டது. அப்புறம் ஊர் தூங்கப் போனது. பதினொரு வருடம் கழித்து ஹேலி தாள்கள் எழுப்பின.

எழுப்பியதும் ஒரு புதிர். ரோலண்ட், மோலினா கணக்குப்படி ஓசோன் மெதுவாக, உலகம் முழுக்க, அதுவும் நாற்பது கிலோமீட்டர் உயரத்தில்தான் அதிகம் குறைய வேண்டும். இங்கே அண்டார்டிகாவில் மட்டும், வசந்தத்தில் மட்டும், இருபது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இப்படிப் பிய்த்துக்கொண்டு போகிறதே, ஏன்? பென்குவின்கள் ஒன்றும் ஸ்ப்ரே அடிப்பதில்லையே!

விடையை ஹாஸ்டல் பாஷையில் சொல்கிறேன். குளோரின் சாதாரணமாகத் தனியாகத் திரிவதில்லை. ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்று ரெண்டு ரூம்களில் பூட்டிக் கிடக்கும். பூட்டின குளோரின் யாரையும் தொடாது. அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் கண்டத்தைச் சுற்றி ஒரு பெரும் காற்றுச் சுழல் காம்பவுண்டு சுவர்போல எழும்பி நிற்கும். வெளிக் காற்று உள்ளே வராது, உள் காற்று வெளியே போகாது. உள்ளே மேல்வானம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிரில், சாதாரணமாக மேகமே இல்லாத உயரத்தில் பனித்துகள் மேகங்கள் உண்டாகும். பார்க்க முத்துச்சிப்பி மாதிரி கொள்ளை அழகு. ஆனால் அந்தத் துகள்களின் மேல்பரப்பில்தான் ரெண்டு ரூம் பூட்டும் திறந்துகொள்கிறது. குளோரின் வராந்தாவுக்கு வந்துவிடும். இருட்டில் ஒன்றும் செய்யாது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் முதல் சூரிய வெளிச்சம் வரும் பாருங்கள், பெல் அடித்த மாதிரி... சில வாரங்களில் அந்த உயரத்து ஓசோன் கிட்டத்தட்ட மொத்தமும் காலி. வசந்தம் முற்றிக் காற்றுச் சுழல் உடைந்ததும் வெளியிலிருந்து ஓசோன் வந்து நிரம்பும்.

வடதுருவத்தில் ஏன் இவ்வளவு மோசமில்லை என்றால், அங்கே சுற்றிலும் மலையும் நிலமும் இருப்பதால் காற்றுச் சுழல் அடிக்கடி கலைகிறது, அத்தனை குளிர் நீடிப்பதில்லை. ஆனாலும் 2011-லும் 2020-லும் அங்கேயும் பெரிய சரிவு வந்தது.

மேகத்தின் மேல் நடக்கும் இந்த வேலையை யோசித்துச் சொன்னவர்களில் முன்னால் நிற்பவர் சூசன் சாலமன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. சொன்னதோடு நிற்கவில்லை. 1986-ல் குளிர்காலக் கடைசியில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்கே போய் இறங்கினார். வயசு முப்பது. நிலா வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பிக் கருவிக்குள் விட வேண்டும், அதற்காக ராத்திரியில் கூரைமேல் ஏறி நின்றவர் அவர். குளோரின் செய்த வேலையின் தடயம் கிடைத்தது. மறுவருடம் சிலி நாட்டின் தென்கோடி ஊரான புன்ட்டா அரேனாஸிலிருந்து நாசா விமானம் ஒன்று ஓட்டைக்குள்ளேயே பறந்து போய் அளந்தது. அந்த கிராஃப் இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. குளோரின் மோனாக்ஸைடு கோடு எங்கே ஏறுகிறதோ, சரியாக அங்கே ஓசோன் கோடு இறங்குகிறது. அச்சு அசல் மேட்ச். பிரபலமான அந்தப் பறப்பு நடந்த தேதி 1987 செப்டம்பர் 16.

தேதியைக் கேட்டதும் பொறி தட்டியிருக்குமே? பேச்சுப் போட்டி தேதி! அதே நாளில்தான் கனடாவில் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. குற்றவாளியின் கைரேகை ஆகாயத்தில் கிடைத்துக்கொண்டிருந்தபோதே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முழு நிரூபணம் கைக்கு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

நம் நாடு அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. 'குளுகுளு வாழ்க்கையை அனுபவித்து வானத்தைக் கெடுத்தது நீங்கள், எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் வரும்போது தடையா?' என்ற கேள்வி. 1990-ல் லண்டன் கூட்டத்துக்கு அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி போய் வாதாடினார். வளரும் நாடுகள் மாறுவதற்குப் பணக்கார நாடுகள் பணம் தர ஒரு நிதி அங்கேதான் முடிவானது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த கம்பெனிகள் நாலே நாலு. அதில் ஒன்று நம்ம மேட்டூரில்! ஒரு சில மருந்து இன்ஹேலர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்து, 2008 ஆகஸ்ட் 1-ம் தேதியோடு நாட்டில் சி.எஃப்.சி. உற்பத்தி நின்றது. வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ் இருந்தால் கதவில் 'சி.எஃப்.சி. ஃப்ரீ' என்று பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். ஏதோ சோப்போடு கொடுக்கும் இலவசம் மாதிரி படித்துவிட்டுப் போயிருப்போம்.

இதையெல்லாம் செய்யாமல் விட்டிருந்தால்? 2009-ல் நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். 2065-ல் உலகத்தின் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். வாஷிங்டன் மாதிரி ஊரில் அஞ்சு நிமிஷம் வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும். புன்ட்டா அரேனாஸில் இருப்பவர்களுக்கு இது கற்பனை இல்லை. ஓட்டையின் ஓரம் சில நாட்களில் அவர்கள் தலைக்கு மேலேயே வந்து போகும். இன்றைக்குப் புற ஊதா எவ்வளவு என்று கலர் காட்டும் டிராஃபிக் லைட் மாதிரியான விளக்குகள் வைத்திருக்கிறார்கள். 1990-களில் அந்தப் பக்கம் ஆடுகளுக்கெல்லாம் கண் போய்விட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. டாக்டர்கள் போய்ப் பார்த்தால் அது தொற்றினால் வந்த கண்வலி. பயமுறுத்துகிற எல்லாமே உண்மை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். ஓட்டை அடைபட்டுவிட்டதா? இல்லை. அடைபட்டுக்கொண்டிருக்கிறதா? ஆமாம். 2000 செப்டம்பரில் ஒரு நாள் சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர் இருந்தது, இந்தியா மாதிரி ஒன்பது மடங்கு. 2016-ல் சூசன் சாலமன் குழு, செப்டம்பர் மாத ஓட்டை 2000-த்திலிருந்து 40 லட்சம் சதுர கிலோமீட்டர் சுருங்கியிருக்கிறது என்று காட்டியது. நேர்கோட்டில் சுருங்கவில்லை. 2019-ல் திடீரென்று ரொம்பச் சின்னதாக இருந்தது, மேல்வானம் அந்த வருடம் சூடானதால். 2020-லிருந்து தொடர்ந்து சில வருடங்கள் பெரிதாகவே இருந்தது. 2024-லும் 2025-லும் மறுபடி சின்னதானது. விட்ட குளோரின் இன்னும் மேலே இருக்கிறது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வும் சேர்ந்து வெளியிட்ட 2022 மதிப்பீட்டின்படி, நிலைமை 1980-ல் இருந்ததற்குத் திரும்ப அண்டார்டிகாவில் 2066 வாக்கில் ஆகும்.

நடுவில் ஒரு திருட்டு. 2010-லேயே உலகம் முழுக்க நின்றிருக்க வேண்டிய சி.எஃப்.சி.-11 காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள்! கொரியா, ஜப்பான் நிலையங்களில் அளந்த காற்றை வைத்து, பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று 2019-ல் இடத்தைக் குறித்தார்கள். கெடுபிடி நடந்தது. 2021-ல் அளவு மறுபடி இறங்கிவிட்டது என்று கட்டுரை வந்தது. ஃபேக்டரி வாசலில் போய் யாரும் ஒளிந்து நிற்கவில்லை. பசிபிக் நடுவில் மலை உச்சியில் தினமும் காற்றைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டிருந்தவர்களின் எண்கள் பிடித்துக்கொடுத்தன. மறுபடியும் அதே கதை, கவனித்தீர்களா?

ரோலண்ட், மோலினாவுக்கு 1995-ல் நோபல் கிடைத்தது, இன்னொரு ஓசோன் ஆராய்ச்சியாளரான பால் க்ருட்ஸனோடு சேர்த்து. ஹேலிக்காரர்கள் மூன்று பேருக்கும் நோபல் இல்லை. ஃபார்மன் 2013-ல் காலமானார். ஹேலி நிலையம் நிற்கும் பனித்தட்டில் விரிசல் விழுந்ததால் 2017-லிருந்து குளிர்காலத்தில் அங்கே ஆட்கள் தங்குவதில்லை. கருவிகள் ஆளில்லாமல் தானாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். மனுஷன் விட்டாலும் அளப்பதை விடவில்லை.

எனவே திருநெல்வேலித் தங்கைக்கு: அடுத்த செப்டம்பருக்குச் சார்ட் போடுகிறதாக இருந்தால் பிளாஸ்திரி வேண்டாம். ஒரு கிராஃப் போதும். எக்ஸ் ஆக்ஸிஸில் வருடம், 1956-ல் ஆரம்பியுங்கள். ஒய் ஆக்ஸிஸில் ஹேலியின் அக்டோபர் மாத சராசரி. வலது பக்கம் 2066 வரைக்கும் இடம் விட்டு வையுங்கள். அப்போது உங்களுக்குச் சுமார் அறுபது வயசு இருக்கும், கடைசிப் புள்ளியை நீங்களே வைக்கலாம்.